காற்று திறந்து வைத்த தண்ணீர்

சுகிர்தராணி அக்காவை நான் முதலில் ஒரு குரலாகத்தான் அறிந்தேன். துபாயில், தேராப் பகுதியில், க்ரீக் என்கிற கழியைப் பார்த்த பழைய கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில் எங்கள் கப்பல் நிர்வாக அலுவலகம் இருக்கிறது. கடலில் இருப்பவர்களின் வீட்டிலிருந்து வரும் போன்களை எடுப்பது என் வேலைகளில் ஒன்று. பெரும்பாலான மனைவிகள் கப்பல் எங்கே நிற்கிறது, ஆள் எப்போது வருவார் என்று கேட்பார்கள். அக்கா கேட்டது வேறு.

"மக்களே, எனக்க மாப்பிள்ளக்க கப்பலு நிக்க எடத்துல இன்னைக்கு தண்ணி தெரியுதா? மூடியாச்சா?"

அவர் கணவர் யேசுதாசன் அந்தக் கப்பலில் போசன். தளத்தில் வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் மேஸ்திரி மாதிரி. குமரி மாவட்டத்துக் கடற்கரைக்காரர். அக்கா ராஸ் அல் கைமாவில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். மகள் அக்ஸா அங்கேயே பள்ளிக்கூடம் போகிறாள். கப்பல், ஐஸைத் தாங்கும்படி அடிப்பாகம் தடித்த ஒரு சரக்குக் கப்பல். அண்டார்டிகாவில் ஏதோ ஒரு நாட்டின் ஆய்வு நிலையத்துக்கு டீசலும் சாப்பாட்டுச் சாமானும் கொண்டுபோனது. ஜனவரியில் போய்ச் சேர்ந்து, சரக்கை இறக்கி முடித்து, திரும்பும் நேரத்தில் நின்றுவிட்டது.

சிக்கிக்கொண்டது என்று சொன்னால் யாரும் கப்பலைச் சுற்றி ஐஸ் இறுகியிருப்பதாக நினைப்பார்கள். அப்படி இல்லை. தினமும் காலையில் எனக்கு ஒரு செயற்கைக்கோள் படம் வரும். எங்கும் வெள்ளை. அதில் கரையை ஒட்டி, கிழிந்த துணி மாதிரி ஒரு கறுப்புத் திட்டு. அந்தக் கறுப்பு முழுவதும் திறந்த தண்ணீர். அதற்குள்தான் எங்கள் கப்பல் மிதந்துகொண்டிருந்தது. இந்த மாதிரி, ஐஸுக்கு நடுவே திறந்து கிடக்கும் தண்ணீருக்குப் பொலின்யா என்று பெயர். ரஷ்யாக்காரர்கள் வைத்த பெயர் என்று கேப்டன் சேதுராமன் சொன்னார். அவர் முன்பு பெரிய கப்பல்களை ஓட்டியவர். இப்போது எங்கள் அலுவலகத்தில் கப்பல்களுக்கு வழி பார்த்துச் சொல்கிறார்.

கீழ்த்தளத்தில் மசாலா மொத்த வியாபாரம் செய்யும் லுக்மான் பாய், நான் தேநீருக்குப் போகும்போதெல்லாம் கேட்பார். "என்ன இளவேனில், ஐஸு எப்படி இருக்கு? துபாய்ல உக்காந்து ஐஸ் பாக்குறதுக்குச் சம்பளமா? அதை எதிர்த்தாப்ல ஜூஸ் கடையிலயே பாத்துரலாமே, ஓசியில!"

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். பெரம்பலூர்ப் பக்கம். படித்தது புவியியல். ஊரில் எந்தச் சிக்கல் வந்தாலும், ஆஸ்பத்திரியானாலும் ஆதார் கார்டானாலும், "நீ படிச்சவ, சொல்லு" என்று என் பக்கம் திரும்புவார்கள். என்னிடம் பதில் இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. இங்கே வந்த பிறகு அந்தத் தொல்லை விட்டது என்று நினைத்திருந்தேன்.

மார்ச் தொடக்கத்தில் பிரைட் இறந்துபோனார்.

பிரைட், யேசுதாசனின் தம்பி. ராஸ் அல் கைமாவில் ஓடு செய்யும் ஒரு தொழிற்சாலையில் சூளைப் பிரிவில் டெக்னீஷியன். தொழிற்சாலையை ஒட்டிய கேம்பில் அறை. விடுமுறை நாளில் அண்ணன் வீட்டுக்கு வந்து மீன் குழம்பு சாப்பிட்டு, அக்ஸாவோடு சண்டை போட்டுவிட்டுப் போவார். அந்த வாரம் வரவில்லை. அறையில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். முப்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை.

அண்ணன் தம்பி இருவருக்கும் வயது வித்தியாசம் அதிகம். தாய் சீக்கிரம் போய்விட்டார். தகப்பன் பாதி நாள் கடலில். தம்பிக்குச் சோறு ஊட்டியது, அடித்தது, ஐடிஐயில் சேர்த்தது, கல்ஃபுக்குக் கொண்டுவந்தது எல்லாம் அண்ணன்தான். இதை அக்கா எனக்குச் சொல்லவில்லை. யேசுதாசனே கப்பலின் சேட்டிலைட் போனில் சொன்னார். செய்தியை அவருக்குச் சொல்லும் பொறுப்பு கேப்டன் சேதுராமனுக்கு வந்தது. சொல்லி முடித்ததும் அந்தப் பக்கம் காற்று இரைந்தது. பிறகு அவர் தம்பியைப் பற்றிப் பேசத் தொடங்கினார். நிறுத்த யாருக்கும் மனம் வரவில்லை. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"நான் வராம அவனப் பெட்டியில அடைக்கக் கூடாது. சுகிர்தா கிட்ட சொல்லுங்க. நான் வந்து கொண்டுபோவேன்."

ஹெலிகாப்டர் கிடைக்குமா என்று கேப்டனிடம் கேட்டேன். "உயிருக்குப் போராடுற ஆளா இருந்தா எப்படியாவது கேட்டுப் பாக்கலாம்மா. துக்கத்துக்கு எவனும் ஏர்லிஃப்ட் பண்ண மாட்டான்" என்றார்.

ஆக, பிரைட்டின் உடல் பிணவறையில் காத்திருந்தது. அக்கா வேலை செய்யும் மருத்துவமனையின் பிணவறையிலேயே. டூட்டிக்கு வரும்போதும் போகும்போதும் அந்தக் கட்டடத்தைத் தாண்டித்தான் பேருந்து நிறுத்தத்துக்குப் போக வேண்டும். அக்கா சுற்றிக்கொண்டு, சமையலறைப் பக்கமாகப் போகப் பழகிக்கொண்டார்.

ஒவ்வொரு காலையும் போன் வந்தது. தண்ணீர் தெரியுதா. தெரியுது அக்கா. நேத்தைவிடக் குறைஞ்சிருக்கா. இல்ல, கொஞ்சம் பெருசாகூட இருக்கு. அப்பா, சேசுவே என்று ஒரு பெருமூச்சு. அதன் பிறகுதான் குளிக்கப் போவாராம்.

படத்தை அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். அவர் அதை ஊருக்கு அனுப்பினார். அந்தப் படம் பங்குக் கோயிலின் வாட்ஸ்அப் குழுவில் சுற்றியது. கடற்கரை ஊர். ஆளாளுக்குப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் எல்லோருக்கும் ஒரே கருத்து: தண்ணீர் கறுப்பாகத் திறந்து கிடக்கிறது, அப்படியென்றால் வழி இருக்கிறது. நாளையோ மறுநாளோ ஆள் வந்துவிடுவான். அதுவரை பிரைட் அங்கேயே இருக்கட்டும்.

ஈஸ்டருக்கு முந்தைய தபசுகாலம் வேறு. மாலை ஜெபத்தில் அந்தத் தண்ணீருக்காகத் தனியாக ஒரு செபமாலை சொல்லத் தொடங்கினார்கள். தண்ணீர் மூடிவிடக் கூடாது என்று.

தொழிற்சாலையிலிருந்து ஆட்கள் அக்காவை அழைத்தார்கள். உடலை அனுப்ப எல்லாம் தயார், குடும்பத்தின் சார்பில் ஒரு கையெழுத்து போதும், ஏன் தாமதம் என்றார்கள். முதலில் தயவாக. பிறகு அவ்வளவு தயவாக இல்லை. பிணவறைப் பொறுப்பாளர், தெரிந்த ஆள், வராந்தாவில் அக்காவைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்வார். அவருக்கும் மேலிடத்திலிருந்து கேள்வி.

ஒரு வியாழக்கிழமை மதியம் அக்கா நேரில் வந்தார். ராஸ் அல் கைமாவிலிருந்து பேருந்து பிடித்து, நைட் டூட்டி முடித்த கண்களோடு. நான் நினைத்து வைத்திருந்த உருவம் இல்லை. குள்ளம், நல்ல கறுப்பு, நடையில் ஒரு வேகம். கையில் ஒரு பெரிய பை.

"நீதானா இளவேனில்? குரலக் கேட்டா பெரிய பொம்பளன்னு நெனச்சேன். எலும்பும் தோலுமா இருக்க. சாப்பிடுதியா இல்லியா?"

கேப்டன் அவருக்கு நாற்காலி போட்டு, திரையில் அன்றைய படத்தைத் திறந்தார். அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தத் தண்ணி கொஞ்சம் சூடாக்கும், இல்லியா சார்? அதனாலதான உறையாமக் கெடக்கு?"

"அப்படியும் சில இடத்துல உண்டும்மா. ஆழத்துலேர்ந்து வெதுவெதுப்பான தண்ணி மேல வந்து ஐஸைக் கரைச்சு ஓட்டை போடும். இது அந்த வகை இல்ல. இது காத்து போட்ட ஓட்டை."

அவர் விரலால் காட்டினார். கரைக்குப் பின்னால் உள்ளே கண்டம் முழுக்க உயரமான பனிமேடு. அங்கே குளிர்ந்து கனத்த காற்று சரிவில் இறங்கிக் கடலுக்குள் பாய்கிறது. கரையோரத் தண்ணீர் உறைய உறைய, அந்த ஐஸை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. தள்ளிய இடத்தில் மறுபடி தண்ணீர். அது மறுபடி உறைகிறது, மறுபடி தள்ளப்படுகிறது.

"அப்ப சும்மா தண்ணியாத் தெரியுற எடத்துலதான் ஐஸு உண்டாவுதா?"

"ஆமா. சுத்தி இருக்கற எந்த இடத்தையும்விட அதிகமா. ஐஸ்தான் கடலுக்குப் போர்வை. போர்வை இல்லாத இடம் இது. சூடு பூரா இங்கேர்ந்துதான் வானத்துக்குப் போறது. உறையறப்போ உப்பை வேற கீழ விட்டுடும். அந்த உப்புத் தண்ணி கனமா அடிக்குப் போயிடும்."

நான் அந்தப் படத்தை வாரக்கணக்கில் தினமும் பார்த்திருந்தேன். அக்கா அடுத்து கேட்ட கேள்வி எனக்குத் தோன்றியதில்லை.

"தள்ளுன ஐஸு எல்லாம் எங்க போச்சு?"

கேப்டன் கொஞ்சம் தயங்கினார். பிறகு கறுப்புத் திட்டுக்கு வெளியே, வடக்கே, புள்ளி புள்ளியாகத் தெரிந்த ஒரு வரிசையைக் காட்டினார். கடலடித் தரையில் தட்டி நிற்கும் பனிப்பாறைகள். தள்ளப்பட்ட ஐஸ் அங்கே போய் முட்டி, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அழுந்தி நிற்கிறது.

"ஷமால் மணல்காத்து அடிக்கறப்போ ராஸ் அல் கைமா ரோட்டுல பாத்திருப்பீங்களே. நடு ரோட்டுல ஒரு பொட்டு மணல் நிக்காது. ஓரத்து வேலியில மலையாக் குவிஞ்சு கெடக்கும். அந்த வேலிதான் நமக்கு வாசல்."

"காத்து அடிக்குற வரைக்கும் வாசல் தொறக்காது?"

"தொறக்காது. காத்து நிக்கணும். நின்னா வெளியில அழுத்தம் விடும், பாறைங்களுக்கு நடுவுல சந்து கிடைக்கும். உள்ள இருக்கற தண்ணி உறைஞ்சுடும், ஆனா அது புது ஐஸ், மெல்லிசு. நம்ம கப்பல் உடைச்சுண்டு வந்துடும்."

"அப்ப…" அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தண்ணி மூடத் தொடங்குனாதான் அவியளால வர முடியும்."

"அப்படித்தாம்மா."

"எப்ப நிக்கும்?"

"இந்த வாரம் நிக்கற மாதிரி தெரியல. அடுத்த வாரமும் சொல்றதுக்கில்ல."

அக்கா சிரித்தார். எனக்குப் பயமாக இருந்தது. "ஊரு முழுக்க முட்டுக்கால் போட்டு நிக்குது சார், தண்ணி மூடக் கூடாதுன்னு."

அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. மாமனார். சத்தம் வெளியே கேட்கும்படி பேசுகிறவர்.

"ஏ சுகிர்தா, இன்னைக்கு தண்ணி எப்பிடி கெடக்கு?"

"கெடக்கு மாமா."

"பின்ன எதுக்கு அவன் நிக்கான்? தண்ணி கெடந்தா வழி கெடக்குல்லா? நாங்க கட்டுமரத்துல போன காலத்துல இதவிட நெருக்கத்துல வந்திருக்கோம். அந்த கேப்டன் என்ன, படம் வரைஞ்சு படிச்சவனா?"

கேப்டன் சேதுராமன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மாமா, அங்க காத்து…"

"காத்து அடிக்கட்டு. காத்து நல்லதுதான. தண்ணிய மூட விடாது. நாங்க இன்னைக்கும் செபமால சொல்லுகோம். நீ பயப்படாத, என்ன? எனக்க மூத்தவன் வந்து எளையவனக் கொண்டுவருவான்."

போனை வைத்துவிட்டு அக்கா என்னைப் பார்த்தார். "நான் என்னத்தச் சொல்ல? கடலு உறையணும்னு வேண்டிக்கங்கன்னு சொல்லவா? அங்க ஒருத்தரும் அதுக்கு வாய் தொறக்க மாட்டாங்க. அடிச்சாலும் தொறக்க மாட்டாங்க."

பிறகு பையிலிருந்து காகிதங்களை எடுத்து மேசையில் வைத்தார். தொழிற்சாலை கொடுத்தவை. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. இடம் காலி.

"நேத்து போய் அவனப் பாத்தேன். இவ்வளவு நாளு போவல. நேத்து போனேன்." காகிதங்களின் ஓரத்தை ஒன்றாகத் தட்டி வைத்தார். "நான் நர்ஸு. எவ்வளவோ பாத்திருக்கேன். ஆனா அவன் இனி அங்க கெடக்கக் கூடாது. நீ படிச்ச பிள்ள, நீ சொல்லு. அனுப்பவா, வைக்கவா?"

ஊரில் கேட்கிற அதே கேள்வி. சொல்ல எனக்கு என்ன இருக்கிறது? அவருடைய கொழுந்தன், அவருடைய கணவர். எனக்கு ஒரு டிகிரி. அக்கா பதிலுக்குக் காத்திருந்த மாதிரியும் தெரியவில்லை.

கப்பலுக்கு இணைப்புக் கிடைத்தபோது கேப்டன் எழுந்து வெளியே போனார். நானும் எழுந்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தார்.

பேசிய சொல் அங்கே போய்ச் சேர ஒரு கணம், பதில் வர ஒரு கணம். இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் பேசினார்கள்.

"இஞ்சேருங்க. சாப்டீங்களா?"

"சாப்பிட்டேன். அக்ஸா?"

"ஸ்கூலுக்குப் போயாச்சு. இஞ்சேருங்க, நான் பிரைட்ட அனுப்புகேன்."

இரைச்சல்.

"என்னது?"

"ஊருக்கு அனுப்புகேன். நானும் கூடப் போவுகேன்."

"ஏ, நீ என்ன பேசுக? காத்து கொறையும்னு இங்க கேப்டன் சொல்லுகாரு. ரெண்டு மூணு நாளு. நான் வந்திருவேன்."

"வர மாட்டீங்க."

"ஒனக்கு என்ன தெரியும்? நீ இங்க நிக்கியா? சுத்தித் தண்ணியாக்கும்! கப்பலு சும்மா மிதக்குது. ஒரு வழி கெடச்சா…" குரல் உடைந்தது. "எனக்க தம்பியாக்கும் அவன். நான் மொகம் பாக்கண்டாமா? நீ கையெழுத்துப் போடாத. நான் சொல்லுகேன்லா, போடாத."

அக்காவின் முன்னால் அந்தக் காகிதம் கிடந்தது. பென்சில் குறி, காலி இடம்.

"போட்டாச்சு," என்றார் அக்கா.

என் மணிக்கட்டை அவர் இன்னும் விடவில்லை.

"எப்ப?"

"காலையிலேயே. குடுத்தாச்சு. எல்லாம் முடிஞ்சாச்சு. இனி நீங்க ஒண்ணும் சொல்லண்டாம்."

அந்தப் பக்கம் ஒரு சத்தம் வந்தது. அழுகையா, கெட்ட வார்த்தையா, காற்றா, தெரியவில்லை. இணைப்பு போய்விட்டது, அல்லது அவர் வைத்துவிட்டார். அக்கா ரிசீவரைச் சரியாக அதன் இடத்தில் வைத்தார். என் மேசையிலிருந்த பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். எனக்கு விளக்கம் எதுவும் சொல்லவில்லை. நான் யோசித்துப் புரிந்துகொண்டது இதுதான்: சரி, அனுப்பு என்று அவர் வாயால் சொல்ல வைக்கக் கூடாது என்று நினைத்திருக்கிறார். சொல்லியிருந்தால் அந்த மனிதர் ஆயுள் முழுக்க அதைச் சுமப்பார். ஆனால் இது நானாகக் கட்டிக்கொண்ட விளக்கமாகவும் இருக்கலாம். களைப்பாகவும் இருந்திருக்கலாம். நைட் டூட்டி முடிந்து வந்தவர்.

அக்கா உடலோடு திருவனந்தபுரம் போய், அங்கிருந்து வண்டியில் ஊருக்குப் போனார். பெட்டியைத் திறந்து எல்லோரும் முகம் பார்த்தார்கள். மாமனார் கடைசிவரை மருமகளிடம் பேசவில்லை. கல்லறையில் அண்ணன் போட வேண்டிய மண்ணை யார் போடுவது என்று ஒரு தயக்கம் வந்தபோது அக்கா முன்னால் போய்ப் போட்டிருக்கிறார். யாரும் தடுக்கவில்லை; யாரும் கூட நிற்கவுமில்லை. லீவு குறைவு. உடனே திரும்பிவிட்டார். இதையெல்லாம் போனில், வேறு யாருக்கோ நடந்த மாதிரி சொன்னார். அதன் பிறகு காலையில் அவர் அழைப்பதில்லை. படம் மட்டும் வந்துகொண்டிருந்தது. நான் வழக்கம்போல அதைப் பார்த்தேன், கேட்க ஆளில்லாமல்.

ஏப்ரலில் காற்று நின்றது. கறுப்புத் திட்டு முதலில் சாம்பல் நிறமானது, பிறகு பால் கலந்த மாதிரி ஆனது, பிறகு மற்ற வெள்ளையிலிருந்து பிரித்துப் பார்க்க முடியவில்லை. கப்பல் அந்த மெல்லிய ஐஸை உடைத்துக்கொண்டு பாறைகளுக்கு நடுவே வெளியே வந்தது. அலுவலகத்தில் கைதட்டினார்கள். லுக்மான் பாய் சமோசா வாங்கிக்கொடுத்தார். "ஐஸ் பாத்தே கப்பலை மீட்டுட்டீங்களே" என்றார். நானும் ஒன்று சாப்பிட்டேன்.

கேப் டவுனில் இறங்கிய ஆட்கள் விமானத்தில் துபாய் வந்தார்கள். யேசுதாசன் கணக்கு முடித்துப் பாஸ்போர்ட் வாங்க அலுவலகத்துக்கு வந்தார். உயரமான மனிதர். கன்னத்தில் குளிர் சுட்டுத் தோல் உரிந்திருந்தது. மற்றவர்கள் போகும்வரை ஓரமாக உட்கார்ந்திருந்தார். பிறகு என் மேசைக்கு வந்தார்.

"நீங்கதான் அன்னைக்கு அவகூட இருந்தது?"

"ஆமாங்க."

"ஒண்ணு கேக்கணும். அவ என்னைக் கூப்பிடும்போது கையெழுத்துப் போட்டுட்டுத்தான் கூப்பிட்டாளா? இல்ல, பொறவா?"

அவர் முகத்தைப் பார்த்தேன். எந்தப் பதிலை அவர் வேண்டுகிறார் என்று அதில் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், போடாதே என்று இவர் கெஞ்சிய பிறகு, பேனாவை எடுத்துப் போட்டாள் என்று ஆகும். பொய்யைச் சொன்னால், கேட்காமலே முடித்துவிட்டாள் என்பது நிலைக்கும். இரண்டில் எது குறைவாகச் சுடும் என்று எனக்குத் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை. அக்கா தெரிந்துதான் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தார். அதை மாற்ற எனக்கு உரிமை இல்லை என்று மட்டும் தோன்றியது.

"போட்டுட்டுத்தாங்க கூப்பிட்டாங்க."

அவர் தலையை ஆட்டினார். மெதுவாக, இரண்டு மூன்று தடவை. பாஸ்போர்ட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கம்பெனி கொடுக்கும் பயணத்துக்கு எந்த ஊர் போட வேண்டும் என்று கேட்டேன். ராஸ் அல் கைமாவுக்கு வண்டி ஏற்பாடு செய்து வைத்திருந்தேன்; அக்ஸா அன்று பள்ளிக்குப் போகாமல் காத்திருப்பதாக அக்கா சொல்லியிருந்தார்.

"திருவனந்தபுரம்," என்றார். "இன்னைக்கே கெடைக்குமான்னு பாருங்க."